தட்டுவடை செட்: வீட்டிலா, தள்ளுவண்டியிலா?

மொறுமொறுப்பான தட்டைகளுக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் சேலத்துத் தின்பண்டம்தான் தட்டுவடை செட். அதை வீட்டில் செய்வதா, தள்ளுவண்டியில் சாப்பிடுவதா? சேலத்துக்குப் புதிதாகக் குடிவரும் உறவினர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது.

செலவு: ஒருவருக்கு வண்டி, ஐந்து பேருக்கு வீடு.

சுவை: சந்தேகமே இல்லை, வண்டிதான். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். கூடவே பூண்டு மணக்கும் காரச் சட்னி, பச்சையாக மல்லிச் சட்னி. அடுக்கிய கையோடு வாயில் போட்டால் நொறுங்கும் சத்தம் காதில் கேட்கும். பொட்டலம் வீடு வருவதற்குள் நமுத்துவிடும். அதை வாங்கவே வேண்டாம்.

சுத்தம்: வீடு.

சிரமம்: தட்டுவடையைக் கடையில் வாங்கிக்கொண்டால் சட்னிக்கும் துருவலுக்கும் அரை மணி நேரம் போதும்.

சைவம்: சில வண்டிகளில் முட்டையும் சேர்ப்பார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிறு குழந்தைகள் இருந்தால் வீட்டில் செய்யுங்கள், காரம் நம் கையில் இருக்கும். மாலையில் தனியாக நடக்கக் கிளம்பினால் வண்டிக்கே போங்கள்.