வி-ட்வின்: பின் சிலிண்டர் செய்த பாவம் என்ன?

V எழுத்துபோல விரிந்த இரண்டு சிலிண்டர்கள் கொண்ட வி-ட்வின் வண்டி வாங்கலாமா என்று நண்பர் கேட்ட நேரம் சரியில்லை. அன்றுதான் பின் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கை மாற்றி முடித்து, விரல் முட்டிகளில் மருந்து தடவிக்கொண்டிருந்தேன்.

எஞ்சினைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சிலிண்டர்களுக்கிடையே 90 டிகிரி இருப்பதால், பிஸ்டன்களின் முதன்மை அதிர்வை, அவை சுழற்றும் தண்டான கிராங்கின் எதிர் எடையே அடக்கிவிடுகிறது. அதை அடக்கத் தனியாக பேலன்சர் ஷாஃப்ட் என்ற இன்னொரு தண்டு வேண்டியதில்லை. கிராங்க் 270 டிகிரி சுழன்றதும் ஒரு வெடிப்பு, அடுத்தது 450 டிகிரி கழித்து. அந்தத் தாளம் தப்பிய துடிப்போடு, கியரைக் குறைக்காமலே மூன்றாவதில் மேடேறும்போது வேறு எந்த வண்டியும் நினைவுக்கு வருவதில்லை.

ஆனால் பின் சிலிண்டர்! டாங்கைத் தூக்கி முட்டுக் கொடுத்தால்தான் அதன் தலையே தெரிகிறது. பிளக் ஆழக்குழிக்குள் கிடக்கிறது. நீட்டுக்கம்பியில் சாக்கெட்டை மாட்டி, மரை பிடித்ததா என்று விரல் நுனியால் தடவித்தான் அறிய வேண்டும். தலை அலுமினியம்; மரை பிசகினால் அவ்வளவுதான். ஓடும்போது முன்னதற்குக் கிடைக்கும் காற்று இதற்கு இல்லை. நெரிசலில் நின்றால் இதன் புகைக்குழாய் வெக்கை நேராகத் தொடையில் ஏறுகிறது.

இது என் வண்டியின் நோய் மட்டுமல்ல. சில ஹார்லி வண்டிகளில் வண்டி நின்றபடி எஞ்சின் ஓடி அதிகம் சூடேறினால், பின் சிலிண்டரை மட்டும் கணினி ஓய்வெடுக்க வைத்துவிடுகிறது. இத்தாலிய நிறுவனமான மோட்டோ குஸி 1960களிலேயே இரண்டையும் பக்கவாட்டில் காற்றுக்கு நீட்டிவிட்டது. அவ்வளவு ஏன், புல்வெட்டும் சிறு டிராக்டரின் வி-ட்வினில் ஃப்ளைவீல் விசிறி, தகட்டு உறை வழியாக இரண்டு சிலிண்டருக்கும் காற்றை அனுப்புகிறது. புல்வெட்டிக்கு உள்ள நியாயம் மோட்டார் சைக்கிளுக்குக் கிடையாதா?

நண்பரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். 270 டிகிரி கிராங்க் வைத்த பேரலல் ட்வின் வாங்கட்டும். வெடிப்பு இடைவெளி இதேதான். சிலிண்டர்கள் இரண்டும் அருகருகே காற்றைப் பார்த்து நிற்கும், பிளக்குகளும் ஒரே வரிசையில் இருக்கும். மேட்டில் அந்தத் துடிப்பும் ஏறத்தாழ உண்டு. ஏறத்தாழத்தான்.