பென்-எ-வான் ஏற எந்தப் பக்கம் நல்லது? கூட்டமா போறவங்களுக்கு

வேல்ஸ்ல மலை ஏறலாம்னு பேச்செடுத்தாலே பாதி பேர் வடக்க ஸ்னோடன் பக்கம் இழுப்பாங்க, நான் தெற்குல இருக்குற பிரெக்கன் பீக்கன்ஸ் மலைகள் கட்சி. 2023ல இருந்து அந்த தேசியப் பூங்காவுக்கு பன்னை பிரஹைனியோக்னு பழைய வேல்ஸ் பேரையே வச்சுட்டாங்க, ஆனா கூட வர்றவங்க வாயில இன்னும் பீக்கன்ஸ்தான். அங்க இருக்குறதுலயே பெரிய மலை பென்-எ-வான், 886 மீட்டர், தெற்கு பிரிட்டன்ல இதைவிட உயரம் கிடையாது. ஏற மூணு முக்கிய வழி இருக்கு, எதுல போறோம்ங்கறதுல அந்த நாளே மாறிடும்.

முதல்ல எல்லாரும் போற வழி, ஏ470 ரோட்டோரமா பான்ட்-ஆர்-டாவ் இல்லன்னா ஸ்டோரி ஆர்ம்ஸ்ங்கற இடத்துல இருந்து. ரோடே 440 மீட்டர் உயரத்துல இருக்கறதால பாதி மலையை கார் ஏறிடுது, போக வர 7 கிலோமீட்டர் போலத்தான், கல்லு பதிச்ச அகலமான பாதை, அதனாலதான் இதை மோட்டார்வே, அதாவது ஹைவேன்னு கிண்டல் பண்றாங்க. லீவு நாள்ல உச்சியில பேர்ப்பலகை கிட்ட போட்டோ எடுக்க க்யூ நிக்கும். ஆனா ஒண்ணு சொல்லணும், நாலு பேர் சேர்ந்தாப்புல நடந்து வாய் ஓயாம பேசிக்கிட்டே ஏற முடியற பாதை இது ஒண்ணுதான், மத்ததுல ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான், முன்னாடி போறவன் சொல்ற ஜோக் காத்துல போயிடும். முதல் தடவை மலை ஏறுறவங்க குரூப்ல இருந்தா யோசிக்காம இதையே எடுங்க. பாக்கறதுக்கு மட்டும் ஒண்ணும் இருக்காது, புல்லு மேடுதான், மலை தன் முகத்தையெல்லாம் வடக்குப் பக்கம் திருப்பி வச்சிருக்கு.

அந்த வடக்குப் பக்கம்தான் கும் லூக் பள்ளத்தாக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. பிரெக்கன் டவுன்ல இருந்து ஒத்தையடி ரோட்டுல போகணும், எதிர்ல டிராக்டர் வந்தா ரிவர்ஸ்தான், பார்க்கிங்கும் கொஞ்சூண்டு. அங்கருந்து ஓடையோரமா ஏறினா பனிப்பாறை குடைஞ்சு விட்ட ஒரு ஏரி, அதுக்கு மேல செங்கல் நிறத்துல அடுக்கடுக்கா மணற்கல் சுவரு, அப்படியே நிமிந்து பக்கத்துச் சிகரம் கார்ன் டீ வரைக்கும். ஏரிக்கு நடுவுல கண்ணுக்குத் தெரியாத தேவதைத் தீவு இருக்குன்னும் வருஷத்துல ஒரு நாள் அதுக்குக் கதவு திறக்கும்னும் ஒரு கதை உண்டு. ஏரிக்கு மேல வரப்பு மாதிரி நீளுற மலை முகட்டுல ஒரு கல்தூண் நிக்குது, அது கதை இல்ல. 1900 ஆகஸ்ட்ல டாமி ஜோன்ஸ்னு 5 வயசுப் பையன் தாத்தாவோட பண்ணைக்குப் போற வழியில காணாமப் போயி 29 நாள் கழிச்சு அவன் உடம்பு அங்கதான் கிடைச்சுது, விசாரணைக்கு வந்த ஜூரிக்காரங்க தங்களுக்குக் கிடைச்ச காசை அந்தத் தூணுக்கே குடுத்துட்டாங்க. கீழ பள்ளத்தாக்கையும் மேல அந்த இடத்தையும் மாறி மாறிப் பாத்தா அவ்ளோ சின்னப் பையன் எப்படி இவ்ளோ தூரம் ஏறினான்னு யாருக்கும் புரியாது, எங்க குரூப்ல அந்த இடத்துல மட்டும் எல்லாரும் கப்சிப்.

மூணாவது தெற்குல நையத் ரிசர்வாயர்ல இருந்து லாடம் மாதிரி சுத்தி வர்றது. கார்ன் டீ, பென்-எ-வான், கிரிபின், முடிஞ்சா வான்-எ-பிக்னு சிகரங்கள் வரிசையா, முழு நாள் வேணும். மேல ஏறிட்டா வரப்பு நடை பிரமாதம்தான், ஆனா பென்-எ-வான்ல இருந்து ஜேக்கப்ஸ் லேடர்ங்கற செங்குத்துப் பாதையில முட்டி வலிக்க இறங்கி, உடனே கிரிபினுக்கு திரும்ப 130 மீட்டர் போல ஏறச் சொன்னா குரூப்ல ஒருத்தராவது முறைப்பாங்க. அவங்களுக்கு கிரிபினைத் தொடாம தெற்குப் பக்கமா ஒதுங்கிப் போற பாதை இருக்கு, அந்தப் பக்கம் கணவாயில சேந்துக்கலாம். எல்லாரும் ஒரே வேகத்துல நடக்கற கூட்டம்னா மட்டும் இது, இல்லன்னா முன்னாடி போனவங்க காத்துல நடுங்கிக்கிட்டு காத்திருக்கணும்.

எந்த வழியானாலும் மேல நிழலே கிடையாது. பனி, மூடுபனின்னு பயப்படுறவங்க வெயிலை மறந்துடுறாங்க, 2013 ஜூலையில எஸ்ஏஎஸ்ங்கற பிரிட்டிஷ் ராணுவச் சிறப்புப் படையோட தேர்வு நடையில ட்ரெயினிங் எடுத்த 3 பேர் இதே மலைகள்ல வெயில் தாங்காம விழுந்து செத்துப் போனாங்க. தண்ணி நிறையவே எடுங்க. ஏதாவது ஆச்சுன்னா 999 அடிச்சு போலீஸ் கேட்டு, மவுண்டன் ரெஸ்க்யூ வேணும்னு சொல்லணும், வர்றவங்க எல்லாம் சம்பளம் வாங்காத வாலண்டியர்ஸ்.

என்னைக் கேட்டா ஒரே வழியில போயி அதே வழியில திரும்பறதே வேஸ்ட். கார்டிஃப்ல இருந்து வர்ற டி4 பஸ் ஸ்டோரி ஆர்ம்ஸ்லயும் நிக்கும் பிரெக்கனுக்கும் போகும், அதனால காரை வீட்லயே விட்டுட்டு மோட்டார்வேல பேசிக்கிட்டே ஏறி, உச்சியைத் தொட்டுட்டு கார்ன் டீ பக்கம் திரும்பி, தூண் வழியா ஏரிக்கு இறங்கி அப்படியே பிரெக்கனுக்கு நடந்துடலாம், கடைசியில தார் ரோட்டு நடை ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும், அது கொஞ்சம் போர்தான். கடைசி பஸ் எப்பன்னு காலைலயே பாத்துருங்க.