மேற்கோள் கணக்கில் யார் முன்னால்? ஹெச்-இன்டெக்ஸும் ஸ்டான்ஃபோர்டு பட்டியலும்

ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தஞ்சாவூர், திருச்சி, சிதம்பரம் பக்கம் கல்லூரி வாசல்களில் ஃப்ளெக்ஸ் ஏறும்: 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்'. இதைத்தான் ஸ்டான்ஃபோர்டு பட்டியல் என்கிறார்கள். உள்ளே நியமனம், பதவி உயர்வு என்று வந்தால் கேட்பது வேறு: "உங்க ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு?" இரண்டுமே மேற்கோளை, அதாவது ஒரு கட்டுரையை மற்ற ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை முறை சுட்டின என்பதை, எண்ணிப் போடும் கணக்குகள்தான். ஆனால் ஒரே ஆளை இரண்டும் வேறு வேறு இடத்தில் நிறுத்தும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு துறையில் இரண்டு பேர், ஆளுக்கு ஐந்து கட்டுரைகள். முதலாமவருக்கு வந்த மேற்கோள்கள் 40, 22, 9, 5, 4. இரண்டாமவருக்கு 8, 7, 7, 6, 6. மொத்த மேற்கோளை வைத்தால் 80-க்கு 34. முதலாமவர் எங்கேயோ இருக்கிறார். ஹெச்-இன்டெக்ஸ் 4 என்றால், ஆளுக்கு நான்கு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் நான்கு இருக்கின்றன, ஐந்து மேற்கோளாவது பெற்றவை ஐந்து இல்லை என்று பொருள். இரண்டாமவருக்கு 5, முதலாமவருக்கு 4. வரிசை தலைகீழ். கூகுள் ஸ்காலர் காட்டும் ஐ10-இல் (பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள்) முதலாமவருக்கு 2, இரண்டாமவருக்குப் பூஜ்யம். எந்த அளவுகோல் என்று முடிவு செய்த உடனேயே முடிவும் பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

ஹெச்-இன்டெக்ஸை 2005-இல் முன்வைத்தவர் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ். ஒரே ஒரு கட்டுரையால் பேர் வாங்கியவரையும், தொடர்ந்து உழைத்தவரையும் பிரித்துக் காட்டுவது அதன் பலம். ஆனால் அது குறையவே குறையாது. ஆய்வை நிறுத்திவிட்டவருக்கும் பழைய கட்டுரைகளின் பேரில் ஏறலாம். முப்பது பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையும் தனி ஆள் எழுதியதும் அதற்கு ஒன்றே. இளம் ஆய்வாளர்களை வரிசைப்படுத்த இதை நான் ஏற்க மாட்டேன்; வயதைத்தான் அது பெரும்பாலும் அளக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பட்டியல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸின் குழு ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் இருந்து தயாரிப்பது. மொத்த மேற்கோள், ஹெச்-இன்டெக்ஸ், இணை ஆசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய ஹெச், தனி ஆசிரியராகவும் முதல் அல்லது கடைசி ஆசிரியராகவும் எழுதிய கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள் என்று ஆறு அளவுகளைக் கலந்து ஒரே மதிப்பெண் ஆக்குகிறார்கள். தன்னைத்தானே மேற்கோள் காட்டியதை நீக்கியும் கணக்கு தருகிறார்கள். இது ஹெச்-இன்டெக்ஸைவிட நியாயமானது என்பது என் கருத்து, அதிலும் உட்துறைக்குள் இடம் பார்க்கும்போது. ஃப்ளெக்ஸ் மட்டும் ஒரு விஷயத்தை அடிக்கடி விட்டுவிடுகிறது: பட்டியல் இரண்டு இருக்கிறது. ஒன்று வாழ்நாள் முழுவதற்கும், இன்னொன்று ஒரே ஆண்டின் மேற்கோளுக்கு. இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

சரி, இதை நெல் ஆய்வில் வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரிகிறது. வெள்ளத்தைத் தாங்கும் சப்1 மரபணுவை விளக்கிய 2006-ஆம் ஆண்டு நேச்சர் கட்டுரைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். அதே மரபணுவைச் சம்பாவில் பழகிப்போன சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்துக்குள் கொண்டுவந்ததால் கிடைத்ததுதான் சி.ஆர். 1009 சப்1. தண்ணீர் தேங்கும் கீழ்டெல்டா வயலுக்கு எது வேண்டும் என்று விவசாயிக்குத் தெரியும். ஆனால் ரகத்தை வயலில் சோதித்துத் தேறவைத்தவர்களின் உழைப்பு பெரும்பாலும் ரக வெளியீட்டு ஆவணமாகவும் பருவ அறிக்கையாகவும்தான் நிற்கிறது. ஸ்கோபஸுக்கு அது தெரியாது. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆடுதுறை 43 ரகத்தைக் குறுவையில் நட்ட ஒருவரும் அதற்கு மேற்கோள் எழுதப் போவதில்லை.

அதாவது ஒரே துறைக்குள்ளேயே மூலக்கூறு உயிரியல் பக்கம் இருப்பவருக்கு மேற்கோள் குவியும். உழவியல் பக்கம் இருப்பவருக்குச் சொட்டும். ஸ்டான்ஃபோர்டு பட்டியல் தாவரவியலையும் உழவியலையும் தனித்தனி உட்துறையாகப் பிரித்திருப்பது ஓரளவு உதவி. ஆனால் ஒருவர் எந்தெந்த இதழ்களில் எழுதுகிறார் என்பதை வைத்தே உட்துறை தீர்மானமாகிறது. வயலில் சோதனை நடத்தி, ஆசிரியர் வரிசையில் நடுவில் பெயர் வந்தவருக்கு, ஆறு அளவுகளில் மூன்றில் அந்தக் கட்டுரையால் ஒன்றும் கிடைக்காது.

ஆகவே என் பரிந்துரை இதுதான். ஒரே உட்துறை, கிட்டத்தட்ட ஒரே வயது என்றால் தன்-மேற்கோள் நீக்கிய ஸ்டான்ஃபோர்டு மதிப்பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஹெச்-இன்டெக்ஸை விண்ணப்பத்தில் இருந்தே எடுத்துவிடலாம். அதற்குப் பதில் ஆய்வாளரே தேர்ந்தெடுத்த மூன்று வேலைகளைக் கேட்டு, தேர்வுக்குழு உட்கார்ந்து படிக்கட்டும். அந்த மூன்றில் ஒன்று நெல் ரகமாக இருக்கவும் இடம் வேண்டும். ஆய்வு மதிப்பீட்டைப் பற்றி 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் 2015-இன் லெய்டன் அறிக்கையும் கேட்பது கிட்டத்தட்ட இதைத்தான்.