வியன்னா 1:59:40, சிகாகோ 2:00:35: எது பெரிது?

2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1:59:40-இல் ஓடினார். 2023 அக்டோபர் 8 அன்று சிகாகோவில் கெல்வின் கிப்டம் எடுத்துக்கொண்டது 2:00:35. இருவரும் கென்யர்கள். ஆனால் உலக சாதனைப் பட்டியலில் ஏறியது 55 வினாடி பின்தங்கிய ஓட்டம்தான்.

காரணம், வியன்னாவில் நடந்தது போட்டியே அல்ல. செலவை ஏற்றது இனியோஸ் என்ற பிரிட்டிஷ் ரசாயன நிறுவனம். பிராட்டர் பூங்காவின் சமதளச் சாலை; முன்னே போன மின்சாரக் கார் தரையில் லேசர் கோடு வரைந்து வேகம் காட்டியது. வேகம் பிடித்துக் கொடுக்கும் 41 துணை ஓட்டக்காரர்கள் முறைவைத்து ஓடினார்கள்: ஐந்து பேர் முன்னால் நின்று காற்றைத் தடுக்க, இருவர் பின்னால். தண்ணீர்கூட சைக்கிளில் தேடி வந்தது. இப்படிப் புதிதுபுதிதாக ஆட்களை இறக்குவதை சாதனை விதிகள் ஏற்காது.

சிகாகோவில் கிப்டம் கடைசிப் பல கிலோமீட்டர்கள் தனியாகத்தான் ஓடினார். முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. என் ஓட்டு இவருக்கே.

காலணியில் மட்டும் இவர் பக்கமும் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். கிப்சோகே போலவே கிப்டமும் அணிந்தது அப்போது கடைக்கு வராத நைக் காலணிதான். 2020-இல் வந்த விதி அடிப்பாகத்தின் தடிமனை 40 மில்லிமீட்டருக்குள் நிறுத்தியது; ஆனால் சோதனை நிலைக் காலணிகளுக்கு உலகத் தடகள அமைப்பே அனுமதி தருகிறது. ஸ்பான்சர் இல்லாதவருக்கு அது எங்கே கிடைக்கும்?