ஸ்பானிஷ் உணவுச் சொற்கள் செயலி: நீண்ட நாள் பயன்படுத்தியவனின் கருத்து

ஸ்பானிஷ் படிக்க நான் பயன்படுத்தும் கட்டணச் செயலியின் ஆண்டுச் சந்தா இப்போது பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். போனில் சொன்னால் கோபம் மட்டும்தான் போய்ச் சேரும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

அதில் உருப்படியானது உணவுப் பகுதிதான். ஒவ்வொரு சொல்லையும் ஸ்பெயின்காரர் ஒருவரும் மெக்சிகோக்காரர் ஒருவரும் சொல்லிக் காட்டுகிறார்கள். அரிசிக்கு 'அர்ரோஸ்'. அதன் கடைசி ஒலிக்கு மாட்ரிட்காரர் நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைக்கிறார். மெக்சிகோவில் அது வெறும் 'ஸ்'. அடுத்தடுத்துக் கேட்கக் கேட்கக் காது தானாகப் பழகிவிடும். மரமும் பழமும் பாடம் இன்னும் அருமை. 'நரான்ஹோ' ஆரஞ்சு மரம், ஆண்பால். 'நரான்ஹா' பழம், பெண்பால். ஆப்பிளுக்கும் செர்ரிக்கும் அதே கணக்கு. அத்தி மட்டும் தலைகீழ்: பழம் 'ஈகோ' ஆண்பால், மரம் 'ஈகேரா' பெண்பால். அதையும் விடாமல் சேர்த்திருக்கிறார்கள்.

இவ்வளவு கவனமாகச் செய்தவர்கள் தண்ணீரில் இப்படிக் கோட்டைவிடலாமா? ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு என்பது செயலியின் ஏற்பாடு. தண்ணீருக்கு 'எல் ஆகுவா' என்று, ஆங்கில 'the' போலப் பெயருக்கு முன்னால் வரும் ஆண்பால் 'எல்' வருவதைப் பார்த்து நீலம் பூசிவிட்டார்கள். ஆனால் ஆகுவா பெண்பால்! அழுத்தம் விழும் 'ஆ'வில் தொடங்கும் பெண்பால் சொல்லுக்கு ஒட்டி முன்னால், ஒருமையில் மட்டும், வழக்கமான பெண்பால் 'லா'வுக்குப் பதில் 'எல்' வரும், அவ்வளவுதான். பன்மையில் 'லாஸ் ஆகுவாஸ்'. குளிர்ந்த தண்ணீர் 'எல் ஆகுவா ஃப்ரீயா'. நீலத்தை நம்பி ஆண்பாலாக 'ஃப்ரீயோ' என்று எழுதினால் அடுத்த பாடத்தில் இதே செயலி தவறு போடுகிறது. ஏன் என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. பூண்டு, 'எல் ஆஹோ', உண்மையிலேயே ஆண்பால். அதற்கும் அதே நீலம். ஓட்ஸுக்கு 'லா அவேனா' என்று ஏன் 'லா' மாறாமல் நிற்கிறது? முதல் 'அ'வில் அழுத்தம் இல்லை. நல்ல ஆசிரியர் இதை இரண்டு நிமிடத்தில் புரியவைத்துவிடுவார்.

நமக்குச் சமையலறைச் சாமான் எல்லாமே அஃறிணை. உப்பு ஆணா பெண்ணா என்று தமிழ்க் காது சொல்லாது. நிறத்தைத்தான் நம்ப வேண்டும். பிரெஞ்சு படித்தவர்களுக்கு இன்னும் சிக்கல். அங்கே உப்பு, பால், தேன் மூன்றும் ஆண்பால்; ஸ்பானிஷில் மூன்றும் பெண்பால். அப்படியிருக்க நிறமே தப்பு என்றால் எதைப் பிடித்துக்கொள்வது? பலமுறை எழுதிப் போட்டும் ஆகுவா இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது.

அதனால் பாதி விலைக்கும் ஆண்டுச் சந்தா வேண்டாம். அன்கி என்ற, சொற்களை அட்டைகளாக எழுதிப் படிக்கும் செயலி கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். அட்டைகளை நீங்களே எழுதுங்கள். தனிச்சொல்லாக எழுதாமல் 'எல் ஆகுவா ஃப்ரீயா', 'லா லெச்சே ஃப்ரீயா' (குளிர்ந்த பால்), 'எல் ஆஹோ பிக்காதோ' (நறுக்கிய பூண்டு) என்று பெயரடையோடு சேர்த்து எழுதினால் ஆண்பாலா பெண்பாலா என்பது தானாக மனதில் நிற்கும். அந்த இரண்டு குரல்களும் வேண்டும் என்றால், சரி, ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி உணவுப் பகுதியைக் கேட்டு முடித்துவிட்டு நிறுத்திவிடுங்கள்.