இலங்கைப் பயணத்துக்கு எந்தத் தளம் தேறும்?

மதுரையில் விமானம் ஏறினால் கொழும்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கொடைக்கானல் போக அதைவிட அதிக நேரம் ஆகும். "பக்கத்து நாடுதானே மாப்ளே, தமிழும் பேசுவாங்க, போய்ப் பாத்துக்கலாம்" என்றார் மாமா. குடும்பத்தோடு போகிற நான் அப்படிக் கிளம்ப முடியுமா? ஒரு வாரம் இணையதளங்களைப் புரட்டினேன்.

முதலில் எல்லாவற்றுக்கும் ஒரே பரீட்சை வைத்தேன். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. இந்தியாவிலிருந்து கப்பலே கிடையாது என்று இன்னும் எழுதி வைத்திருக்கும் தளத்தை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை என்று அர்த்தம். பாதி வலைப்பதிவுகள் இதிலேயே கழிந்தன.

மிச்சத்தில் இலங்கைச் சுற்றுலாத் துறையின் தளத்தையும், யாரும் எழுதித் திருத்தக்கூடிய பயண வழிகாட்டியான விக்கிவாயேஜையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தேன். முதலாவதில் படங்கள் அருமை. கடல் எப்போதும் நீலம், யானை எப்போதும் குளித்துக்கொண்டிருக்கும். ஆசையைக் கிளப்ப அது போதும், திட்டம் போட உதவாது. விக்கிவாயேஜ் 2013 முதல், விக்கிப்பீடியாவை நடத்துகிற விக்கிமீடியாவின் குடையில் இருக்கிறது. பார்க்க வறட்சியாக இருக்கும், ஆனால் தென்மேற்குப் பருவமழை எந்தக் கரையை நனைக்கும், வடகிழக்குப் பருவமழை எந்தக் கரையை நனைக்கும் என்பது போன்ற விஷயம் கிடைக்கும். நமக்கு ஐப்பசியில் மழை என்றால் அங்கேயும் தீவு முழுக்க மழை என்று நினைத்திருந்தேன். மே முதல் செப்டம்பர் வரை கொழும்பு, காலி நகரங்கள் பக்கம் நனையும்போது திருகோணமலைக் கடற்கரை காய்ந்து கிடக்குமாம். ஒரு குறை: இந்தியிலும் வங்காளத்திலும் இருக்கிற விக்கிவாயேஜ் தமிழில் இல்லை.

ரயிலுக்கு வந்தால் போட்டியே வேறு. 'சீட் சிக்ஸ்டி ஒன்' என்ற தளத்தை மார்க் ஸ்மித் என்பவர் 2001 முதல் நடத்துகிறார். பிரிட்டன் ரயில்வேயில் வேலை பார்த்தவர். யூரோஸ்டார் ரயிலில் தனக்குப் பிடித்த இருக்கையின் எண்ணையே பெயராக வைத்துவிட்டார். எந்த வகுப்பில் ஜன்னலைத் திறக்கலாம், எதில் முடியாது என்பதுவரை படத்தோடு போட்டிருப்பார். கண்டி, கொழும்பிலிருந்து பதுளை போகிற மெயின் லைனில் இல்லை, பேராதனையில் பிரிகிற மாத்தளைக் கிளையில் இருக்கிறது. இது தெரியாமல் பதுளை ரயிலெல்லாம் கண்டிக்குள் போகும் என்று நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆனால் டிக்கெட் எடுக்க இலங்கை ரயில்வேயின் தளத்துக்குத்தான் போக வேண்டும். முன்பதிவு 30 நாளுக்கு முன்னால் திறக்கும். எல்ல என்ற மலையூர்ப் பக்கம் போகிற ரயில்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் அவரிடம் படிப்பு, இவர்களிடம் டிக்கெட். இங்கே தமிழ் கைகொடுக்கும் என்றுதான் நினைத்தேன். இலங்கை அரசுத் தளங்கள் பலவற்றில் தமிழ்ப் பக்கம் உண்டு, ஆனால் அது அவர்கள் தமிழ். ரயில் 'புகையிரதம்', சீட் ரிசர்வேஷன் 'ஆசன ஒதுக்கீடு', டிபார்ட்மென்ட் 'திணைக்களம்'. இரண்டு நாளில் பழகிவிடும். எனக்கு இப்போது நம்மூர் 'ரிசர்வேஷன்'தான் அசிங்கமாகத் தெரிகிறது.

பயண அனுமதி விஷயத்தில் மட்டும் ஒப்பீட்டுக்கே இடமில்லை. கூகுளில் தேடினேன், மேலே வந்த விளம்பரத்தை அமுக்கினேன். அரசுத் தளம் மாதிரியே கொடி, சின்னம் எல்லாம் இருந்தது. விண்ணப்பத்தை நிரப்பிய பிறகுதான் 'சேவைக் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகை எட்டிப் பார்த்தது. அட்டை எண்ணைத் தட்டும் முன் முகவரியைப் பார்த்தேன், நல்லவேளை. அசல் தளத்தின் முகவரி 'கவ் டாட் எல்கே' (gov.lk) என்றுதான் முடியும்.

யூடியூப் வீடியோக்களையும் பார்த்தேன். சாப்பாட்டுக்குச் சரி, நேர அட்டவணைக்கு வேண்டாம்.

தேதி குறித்து முடித்த பிறகு, இறங்குகிற நாள் பௌர்ணமி என்று தெரிந்தது. அங்கே மாதாமாதம் பௌர்ணமி, அதாவது போயா, அரசு விடுமுறை. மதுக்கடை, கறிக்கடை எல்லாம் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சுக்கா இல்லாமல் எழுந்திருக்காத மாமாவிடம் சொன்னேன்.

"ரெண்டு நாள் தள்ளிப் போடு மாப்ளே."

இப்போது 30 நாள் கணக்கை மறுபடி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.