பழைய கேம்பர் வேனா, ஈக்கோவா, வாடகைக் கேரவனா?

கோயம்புத்தூரில் ஒரு கேம்பர் வேன் விலைக்கு வந்தது. ஃபோர்ஸ் டிராவலர், 2015 மாடல், 11 லட்சம். உள்ளே இரண்டு கட்டில், சின்ன சிங்க், அடுப்பு, மூலையில் கழிப்பறை. அம்மாவுக்கு மூட்டு வலி. வழியில் எங்கே இறங்குவது என்ற பயத்தில் பயணம் முழுக்கத் தண்ணீரே குடிக்கமாட்டார். அந்தக் கழிப்பறையைப் பார்த்ததும் என் மனசு பாதி முடிவெடுத்துவிட்டது. மீதிப் பாதிக்காக இரண்டு மாதம் அலைந்தேன். அதற்கு எதிரே வைத்துப் பார்த்தவை இரண்டு: பழைய மாருதி ஈக்கோ வாங்கி அதில் படுக்கை போட்டுக்கொள்வது, அல்லது தேவைப்படும்போது கேரவன் வாடகைக்கு எடுப்பது.

வண்டிக்குள் ஏறுவதற்கு முன் ஆர்சியை, அதாவது பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். நான் பார்த்த வேனின் ஆர்சியில் பஸ் பாடி, 13 சீட் என்று இருந்தது. உள்ளே இருந்ததோ நான்கு சீட். "இதையெல்லாம் யார் சார் பார்க்கப் போறாங்க" என்றார் விற்பவர். பார்ப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சாலையில் யாரும் நிறுத்தாமல் போகலாம். ஆனால் விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது ஆர்சியைத்தான். முறையாகக் கட்டிய கேரவன்களுக்கு ஏஐஎஸ்-124 என்று தனித் தரவிதியே இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியின் ஆர்சியில் 'மோட்டார் கேரவன்' அல்லது 'கேம்பர் வேன்' என்று வகை இருக்கும். வண்டி எண்ணைப் போட்டு அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும். லோன் பாக்கி இருக்கிறதா, எஃப்சி (தகுதிச் சான்று) எதுவரை என்பதையும் அதிலேயே பார்க்கலாம்.

ஈக்கோவில் இந்தத் தலைவலி இல்லை. போல்ட் அடிக்காமல் தூக்கி வைத்து எடுக்கிற மாதிரி ஒரு பலகைக் கட்டிலைத் தச்சரிடம் செய்து வாங்கினால் போதும். திங்கட்கிழமை காலை அது மறுபடி வீட்டுக் கார். வாடகை வண்டியில் பேப்பர் உரிமையாளர் பொறுப்பு. அங்கேயும் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுவேன்.

அப்புறம் பணம். நாங்கள் வருஷத்துக்கு 20 ராத்திரி வெளியே தங்குவோம். டிராவலரை 11 லட்சத்துக்கு வாங்கி, ஐந்து வருஷம் கழித்து 6 லட்சத்துக்கு விற்றால் வருஷத்துக்கு ஒரு லட்சம் கரைகிறது. இன்சூரன்ஸ், எஃப்சி, டயர், பேட்டரி, சில்லறை வேலை எல்லாம் சேர்த்து 70,000 என்று வைத்தேன். ஆக ஒரு ராத்திரிக்கு 8,500 ரூபாய், டீசல் தனி. பத்து ராத்திரிதான் போகிறோம் என்றால் 17,000. வாடகைக்கு விசாரித்த இரண்டு இடங்களில் டிரைவரோடு நாளுக்கு 9,000, 11,000 என்றார்கள். ஈக்கோ 3.5 லட்சம். இதே கணக்கைப் போட்டால் கட்டிலையும் சேர்த்து ராத்திரிக்கு 3,200 பக்கம் வருகிறது, அதுவும் மற்ற நாளெல்லாம் நான் வேலைக்கு ஓட்டிப்போகிற வண்டியில்.

சரி, பணத்தைத் தள்ளிவைத்து வண்டியைப் பார்ப்போம். டிராவலர் எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 1987 முதல் ஓடுகிற வண்டி. எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார். கவலை எல்லாம் பிறகு கட்டிய பாடியில்தான். கூரையில் ஏசிக்கும் காற்றுப்போக்கிக்கும் ஓட்டை போட்டிருப்பார்கள். அங்கே ஒழுகும் தண்ணீர் பிளைவுட்டுக்குப் பின்னால் இறங்கித் தரைப்பலகையை ஊறவைக்கும். கதவை மூடிவைத்து உள்ளே கால் மணி நேரம் உட்காருங்கள், பூஞ்சை வாடை தெரிந்துவிடும். சிங்குக்குக் கீழேயும் கட்டில் மூலையிலும் தரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். நான் அழுத்திய இடத்தில் பலகை உள்ளே போனது.

இதைவிட என்னைப் பயமுறுத்தியது காற்று. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. ஜெனரேட்டர், கேஸ் அடுப்பு உள்ள எந்த வண்டியிலும், அது வாடகை வண்டியானாலும், மோனாக்சைடு அலாரம் இல்லாமல் என் அம்மாவைப் படுக்கவைக்கமாட்டேன்.

எங்கே நிறுத்துவது? டிராவலர் 5 மீட்டருக்கு மேல் நீளம். எங்கள் தெருவில் அதை நிறுத்தினால் எதிர்வீட்டுக்காரர் ஆட்டோவைத் திருப்பமுடியாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஈக்கோவே எனக்கு நிம்மதி. ராத்திரி காட்டுச் சாலையில் ஒதுங்கலாம் என்ற கனவை மூன்று வண்டிக்காரர்களும் விட்டுவிட வேண்டும். பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்.

கழிப்பறை விஷயத்தில் மட்டும் ஈக்கோ தோற்றுப்போகிறது, அதற்குச் சமாதானம் சொல்லமுடியாது. அதில் இரண்டு பேர்தான் படுக்கலாம், நிமிர்ந்து நிற்கமுடியாது, எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் வெயிலில் உட்காருமிடமே சுடும். ஆனால் வேனில் இருக்கும் கேசட் கழிப்பறையின், அதாவது கழற்றிக் காலி செய்கிற வகையின், தொட்டி சுமார் 20 லிட்டர். நான்கு பேருக்கு இரண்டு நாளில் நிறைந்துவிடும். அதைக் காலி செய்ய நம் ஊர்களில் தனி இடம் தேடினாலும் கிடைப்பது அபூர்வம். சொந்த வண்டி என்றால் அந்த வேலையும் நம்முடையதுதான்.

வாடகையில் எனக்குப் பிடிக்காதது, பொங்கலுக்கும் மே மாதத்துக்கும் வண்டி கிடைக்காது என்பது. டிரைவர் ராத்திரி எங்கே படுப்பார் என்பதையும் முன்கூட்டியே பேசி, அவருக்கு அறை போட்டுவிட வேண்டும்.

வருஷத்துக்கு 40 ராத்திரி போகிறவர், வீட்டு வாசலில் இடம் இருக்கிறவர், ஆர்சியில் கேரவன் என்றே பதிந்த வண்டி கிடைத்தவர் தாராளமாக டிராவலர் வாங்கலாம். எனக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. ஈக்கோவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். ஜூலையில் குற்றாலச் சாரலுக்கு மட்டும் கழிப்பறை வைத்த கேரவன் மூன்று நாள் வாடகைக்குப் பேசியிருக்கிறேன். அலாரத்தை நானே வாங்கிக் கொண்டுபோகிறேன். "அப்போ வழியில இளநி குடிக்கலாமா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார்.